இரும்பா, துத்தநாகமா, உப்பா? நெற்பயிரின் உலோகக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

உரக்கடையில் போய் "பயிர் மஞ்சளாக நிற்கிறது" என்று சொன்னால் கையில் ஒரு நுண்ணூட்டக் கலவைப் பாக்கெட் வந்துவிடும். இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, செம்பு, போரான் என்று எல்லாமும் அதில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். சில சமயம் பயிர் தேறிவிடும், எதனால் தேறியது என்று தெரியாது. தேறாமல் போனாலும் ஏன் என்று தெரியாது. அடுத்த போகத்தில் மறுபடி அதே பாக்கெட்.

பெரும்பாலான வயல்களில் உலோகம் மண்ணில் போதுமான அளவு கிடக்கிறது. வேரின் செல் சவ்வில் உள்ள கடத்திப் புரதங்கள்தான் அது உள்ளே வரும் வாசல்கள். அந்த வாசலுக்கு ஏற்ற வடிவில் உலோகம் இல்லை என்றால் பயிர் பட்டினி கிடக்கும். வேண்டாத உலோகம் ஒன்று அதே வாசலில் நுழைந்தால் பயிர் நஞ்சாகும். பயிரில் நாம் பார்க்கும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றுதான் என்பது என் கணிப்பு.

இந்தக் கடத்திகளை உண்டாக்கும் மரபணுக்கள் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. ஜிப், என்ராம்ப் ஆகிய இரண்டும் பெரும்பாலும் உலோகத்தைச் செல்லுக்குள் இழுப்பவை. எச்எம்ஏ குடும்பம் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து உலோகத்தைத் தள்ளும் பம்பு. ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதில் எட்டு உண்டு, நெல்லில் ஒன்பது. எம்டிபி குடும்பம் மிகுதியானதைச் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் போன்ற சேமிப்பு அறைகளில் அடைக்கும். ஒய்எஸ்எல் குடும்பம் கரிமப் பொருளோடு ஒட்டிய உலோகத்தை அப்படியே தூக்கும். உள்ளே வந்த உலோகத்தைப் பிடித்து வைக்க ஃபெரிட்டின், மெட்டலோதயோனின், பைட்டோகெலாட்டின் என்று வேறு சில.

மருந்து தேடுவதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். கோளாறு இளம் இலையிலா முதிர்ந்த இலையிலா? வயலில் தண்ணீர் நிற்கிறதா, மண் காய்ந்திருக்கிறதா? மண்ணின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) என்ன? ஒரு பயிரைப் பிடுங்கிக் கழுவினால் வேர் என்ன நிறம்? இந்த நான்குக்கும் பதில் இல்லாமல் கீழே படிப்பதில் பயன் குறைவு.

குருத்து வெளுக்கிறது, கீழ் இலை பச்சையாகவே இருக்கிறது

புழுதி நாற்றங்காலிலும் நேரடி விதைப்பிலும் அடிக்கடி வருவது. புதிதாக வரும் இலையில் நரம்புகள் பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இருக்கும். முற்றினால் இலை முழுதும் வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும். இது இரும்புக் குறை. பழைய இலையிலிருந்து இரும்பைப் பிடுங்கிப் புது இலைக்கு அனுப்புவது செடிக்கு எளிதல்ல, அதனால் முதலில் அடிபடுவது குருத்து. தழைச்சத்துக் குறைவு இதற்கு நேர்மாறாக, கீழ் இலையில் தொடங்கும். கந்தகக் குறையும் இளம் இலையில்தான் வரும், ஆனால் நரம்பும் சேர்ந்தே மஞ்சளாகும்.

நெல்லுக்கு இரும்பை எடுக்க இரண்டு வழி உண்டு. தண்ணீர் கட்டிய சேற்றில் இரும்பு இரண்டு இணைதிற வடிவுக்கு மாறிக் கரைந்து நிற்கும். அதை ஜிப் குடும்பத்து ஐஆர்டி1 நேரடியாக இழுத்துக்கொள்ளும். காய்ந்த மண்ணில் இரும்பு மூன்று இணைதிற வடிவில் துருவாகக் கிடக்கும். அப்போது நெல் வேர் டியாக்சிமுஜினிக் அமிலம் என்ற பொருளை டாம்1 என்ற கடத்தி வழியாக வெளியே விட்டு, துருவைக் கவ்வ வைத்து, ஒய்எஸ்எல்15 மூலம் ஒட்டுமொத்தமாக உள்ளே இழுக்கும். புல் இனங்கள் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டாவது வழி பொது. ஆனால் பார்லி கொட்டும் அளவோடு ஒப்பிட்டால் நெல் விடுவது கொஞ்சம்தான். தண்ணீரை நம்பிப் பழகிய பயிர் அது. சுண்ணாம்பு மண்ணில், பைகார்பனேட் மிகுந்த கிணற்று நீரில், காய்ந்த நாற்றங்காலில் அதை வளர்த்தால் இரண்டு வழியும் ஒன்றாக அடைபடும்.

எனவே முதல் சிகிச்சை தண்ணீர். முடிந்தால் நாற்றங்காலில் சில நாட்கள் நீர் கட்டுங்கள். பல இடங்களில் அடுத்து வரும் குருத்து பச்சையாக வந்துவிடும்.

தண்ணீர் கட்ட முடியாத இடத்தில் அன்னபேதி (பெரஸ் சல்பேட்) தெளிக்க வேண்டும். அதற்கு முன் இரும்புதானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. அரை லிட்டர் தண்ணீரில் இரண்டரை கிராம் அன்னபேதியைக் கரைத்து, இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, ஒரு சின்னத் தூரிகையால் வெளுத்த இலை ஒன்றின் பாதியில் மட்டும் பூசுங்கள். மறுபாதியை விட்டுவிடுங்கள். சில நாட்களில் பூசிய பக்கம் பச்சைத் திட்டுகளாக மாறினால் இரும்புக் குறைதான். மாறவில்லை என்றால் வயல் முழுக்கத் தெளிக்கும் செலவு மிச்சம். பரிசோதனைக் கூடம் தரும் மொத்த இரும்பு அளவைவிட எனக்கு இந்த அரை இலைச் சோதனையில் நம்பிக்கை அதிகம். காரணம், இலையில் மொத்த இரும்பு போதுமான அளவு இருந்தும் அது பயன்படாத வடிவில் தங்கிவிடுவதுண்டு.

தெளிப்பதென்றால் 0.5 முதல் 1 சதம் வரை. கடையில் வாங்கும் அன்னபேதி வெளிர் பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். மஞ்சளும் பழுப்புமாக மாவு பூத்திருந்தால் காற்று பட்டுத் துருவாகிவிட்டது என்று அர்த்தம், அதைத் தெளிப்பது வீண். கரைசலும் கலக்கிய கொஞ்ச நேரத்தில் துரு நிறமாகத் திரும்பினால் உங்கள் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் நிற்கும். மாலையில் தெளியுங்கள்.

இதே வெளுப்பு நிலக்கடலையில் வந்தால் உள்ளே நடக்கும் கதை வேறு. புல் இனமல்லாத பயிர்கள் வேரிலிருந்து அமிலம் விட்டு, எஃப்ஆர்ஓ என்ற ஒடுக்க நொதியால் துருவை இரண்டு இணைதிறத்துக்கு மாற்றி, பிறகுதான் ஐஆர்டி1 வழியாக எடுக்கும். சுண்ணாம்பு மண் அந்த அமிலத்தை உடனே விழுங்கிவிடும். வட சீனாவின் சுண்ணாம்பு மண்களில் நிலக்கடலையோடு மக்காச்சோளத்தை ஊடுபயிராக வைத்தபோது கடலையின் வெளுப்பு குறைந்தது. மக்காச்சோள வேர் விடும் கவ்விப்பொருளோடு சேர்ந்த இரும்பைக் கடலையின் ஒய்எஸ்எல்1 கடத்தி எடுத்துக்கொள்கிறது என்று பின்னால் தெரிய வந்தது. பக்கத்து வரிசைக்காரன் அவிழ்த்த துருவில் கடலைக்கும் ஒரு பங்கு!

நட்ட சில வாரத்தில் கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளி

மிக அதிகமாகத் தவறாகக் கணிக்கப்படுவது இதுதான். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு கோளாறுகள், ஒன்று பற்றாக்குறை, இன்னொன்று மிகுதி. மருந்தை மாற்றிக் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

துத்தநாகக் குறை நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்தில் வரும். கீழ் இலைகளில் தூசி படிந்த மாதிரி சிறு பழுப்புப் புள்ளிகள், பிறகு அவை கூடித் துரு நிறப் பட்டையாகும். பயிர் குட்டையாக நிற்கும், தூர் வெடிக்காது, வயலில் ஒரு சீர் இருக்காது. தீர்ப்புச் சொல்லும் அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது. இளம் இலையைப் பிரித்து அதன் அடிப்பகுதியில் நடுநரம்பைப் பாருங்கள். அங்கே வெளுத்திருந்தால் துத்தநாகம் என்ற பக்கம் சாயலாம். வட இந்தியாவில் இதைக் கைரா நோய் என்பார்கள். 1966-இல் பந்த்நகரில் ஒய். எல். நேனே இது பூசணமோ வைரஸோ இல்லை, துத்தநாகக் குறை என்று காட்டினார்.

இரும்பு மிகுதி அமில மண்ணில், நீர் வடியாத பள்ளத்தில் வரும். கேரளத்தின் குட்டநாடும் இலங்கையின் ஈரவலயத் தாழ்நிலங்களும் இதற்குப் பேர்போனவை. புள்ளிகள் கீழ் இலையின் நுனியில் தொடங்கி அடியை நோக்கி இறங்கும், இலை முழுதும் வெண்கல நிறமாகும். பயிரைப் பிடுங்கிக் கழுவினால் வேர் குறைவாக, கரடுமுரடாக, செங்காவிப் பூச்சோடு இருக்கும். கழுவினாலும் அந்தப் பூச்சு முழுதும் போகாது.

மண் பரிசோதனை அட்டை இருந்தால் வேலை எளிது. பிஎச் 7-க்கு மேல், சுண்ணாம்பு அல்லது களர், எப்போதும் ஈரம் என்றால் துத்தநாகம். பிஎச் 5 பக்கம், ஊற்று நீர் ஏறும் இடம் என்றால் இரும்பு மிகுதி. புள்ளிகள் நீள்வட்டமாக, நடுவே சாம்பல் நிறத்தோடு, சுற்றி மஞ்சள் வளையத்தோடு இருந்தால் இரண்டும் இல்லை. அது பழுப்புப் புள்ளி நோய், பூசணம். அதற்கு இந்தப் பக்கத்தில் மருந்து இல்லை.

பற்றாக்குறைக்கும் மிகுதிக்கும் ஒரே பழுப்பு ஏன் வருகிறது? இரண்டிலும் இலையை எரிப்பது வினைமிகு ஆக்சிஜன். அதை அடக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதிகளில் ஒரு வகைக்குச் செம்பும் துத்தநாகமும் வேண்டும். துத்தநாகம் குறைந்தால் காவல் தளரும். இரும்பு மிகுந்தால் கதை வேறு. இலையில் சாதாரணமாக உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு இரண்டு இணைதிற இரும்பு வினைபுரிந்து ஹைட்ராக்சில் என்ற, எதையும் தாக்கும் தனியுறுப்பைக் கொட்டும். அதை அழிக்க எந்த நொதியும் கிடையாது. எனவே செடி இரும்பை அடைத்து வைக்கப் பார்க்கும். ஃபெரிட்டின் புரதக் கூடு ஒன்று 4,500 இரும்பு அணுக்கள் வரை தாங்கும். நெல்லில் அதற்கு இரண்டு மரபணு. வாக்குவோலுக்குள் தள்ள விஐடி1, விஐடி2. இவையும் நிரம்பி வழியும்போதுதான் நாம் வெண்கல நிறத்தைப் பார்க்கிறோம்.

துத்தநாகக் குறைக்கு: நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து சேற்றின் மேல் தூவுங்கள். டிஏபியோடு கலந்து தூவ வேண்டாம். பாஸ்பேட்டும் துத்தநாகமும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும், இரண்டுமே பயிருக்குக் கிடைக்காது. ஏற்கெனவே நட்ட வயலில் அறிகுறி வந்துவிட்டால் 0.5 சதம் ஜிங்க் சல்பேட்டோடு 0.25 சதம் நீற்றிய சுண்ணாம்பு சேர்த்து, வடிகட்டித் தெளிக்கலாம். அப்புறம், தண்ணீரைக் கொஞ்சம் வடித்து மண்ணைக் காற்றாட விடுங்கள். தொடர்ந்து நீர் நின்ற சேற்றில் பைகார்பனேட்டும் சல்பைடும் துத்தநாகத்தைக் கட்டிப்போடுகின்றன. உள்ளே நெல் ஜிப் குடும்பத்து இசட்ஐபி5, இசட்ஐபி9 போன்றவற்றைக் கூட்டி வைத்துக் காத்திருக்கும், ஆனால் வாசலுக்கு வர வேண்டிய துத்தநாகம் கரைசலில் இல்லை.

இரும்பு மிகுதிக்கு: தூர் கட்டும் பருவத்தில் தண்ணீரை வடித்து மயிரிழை வெடிப்பு விழும்வரை விடுங்கள். காற்று பட்டால் இரும்பு மறுபடி துருவாகி அடங்கும். சாம்பல் சத்து குறைந்த பயிரை இது கடுமையாகத் தாக்கும் என்பதால் பொட்டாஷைக் குறைக்கக் கூடாது. அமிலம் மிகுந்த இடத்தில் சுண்ணாம்பு இடுங்கள். இரும்பு உள்ள நுண்ணூட்டக் கலவையை இந்த வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பாக்கெட்டை வாங்கியாயிற்று, வீணாக்க வேண்டாமே என்று தெளிப்பது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுகிற வேலை.

இலை நுனி வெளுத்துக் காய்கிறது, வயல் திட்டுத் திட்டாக இருக்கிறது

மண்ணில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம், சோடியம். முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து காயும். நெல் சோடியத்தை வேரிலேயே முழுதாகத் தடுப்பதில்லை. நீர்க்குழாயில் மேலேறும் சோடியத்தை வழியில் பிடித்து இறக்குவது எச்கேடி1;5 என்ற கடத்தி. 2005-இல் நோனா போக்ரா என்ற உப்பு தாங்கும் நெல்லிலிருந்து இந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. கேரளக் கடலோரப் பொக்காளி நெல்லின் முதல் குரோமோசோமில் உள்ள சால்டால் என்ற பகுதியிலும் இதுவே முக்கிய உறுப்பினர். மீந்ததை வேரிலிருந்து வெளியே தள்ள எஸ்ஓஎஸ்1, வாக்குவோலில் பூட்ட என்எச்எக்ஸ்.

உவர் நிலத்தையும் களர் நிலத்தையும் பிரித்துப் பார்க்காமல் ஜிப்சம் கொட்டுவது பணத்தைக் கொட்டுவது. மின்கடத்து திறன் மீட்டருக்கு 4 டெசிசீமனுக்கு மேல், பிஎச் 8.5-க்குக் கீழ் என்றால் உவர். நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் போதும். பிஎச் 8.5-க்கு மேல் ஏறி மண் இறுகிக் கிடந்தால் களர். ஜிப்சத்தின் கால்சியம் மண்ணிலுள்ள சோடியத்தை விரட்ட வேண்டும், பிறகு வடிகால் வழியாக அது வெளியேற வேண்டும். வடிகால் இல்லையென்றால் ஜிப்சம் இருந்தும் பயனில்லை. திருச்சியில் உருவான டிஆர்ஒய் 1, டிஆர்ஒய் 3 ரகங்கள் இந்த நிலத்துக்கு ஏற்றவை. களரில் துத்தநாகக் குறையும் சேர்ந்தே வரும் என்பதால் மேலே உள்ள பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேர் மட்டும் கட்டையாக நிற்கிறது

மலைப்பகுதியின் அமில மண்ணில் பிஎச் 5-க்குக் கீழ் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். வேர் தடித்து, நுனி பழுத்து, கிளை விடாமல் நிற்கும். மேலே தெரிவது வறட்சி மாதிரி இருக்கும், காரணம் வேர் ஆழம் போகவில்லை. கோதுமையில் மாலேட் என்ற கரிம அமிலத்தை வெளியேற்றும் ஏஎல்எம்டி1, சோளத்தில் சிட்ரேட்டை வெளியேற்றும் மேட் குடும்பம் ஆகியவை வேர் நுனியிலேயே அலுமினியத்தைக் கட்டிவிடும். சுண்ணாம்பு தவிர வேறு மருந்து தேட வேண்டாம். ஒரு விதிவிலக்கு, நீலகிரித் தேயிலை. அது அலுமினியத்தை முதிர்ந்த இலையில் குவித்து வைத்துக்கொண்டு நன்றாகவே வளரும்.

பயிரில் ஒரு குறையும் இல்லை, அரிசியில் கேட்மியம்

இலை பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத கோளாறு இது, ஆபத்தானதும் இதுதான். அரிசியில் வரம்பைத் தாண்டிய கேட்மியம் இருந்தும் பயிர் பச்சைப் பசேல் என்று நிற்கும். தீட்டிய அரிசிக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்துள்ள வரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். ஜப்பானின் தொயாமா மாகாணத்தில் ஜின்சூ ஆற்றுப் படுகையில் கமியோகா சுரங்கக் கழிவு வயலுக்கு வந்து, அரிசி வழியாக எலும்பை உருக்கிய இத்தாய்-இத்தாய் நோயை 1968-இல் அந்நாட்டு அரசு மாசால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது.

கேட்மியத்துக்கென்று செடியில் தனி வாசல் கிடையாது. நெல்லில் அது முக்கியமாக மாங்கனீசுக்கான என்ராம்ப்5 வழியாக நுழைகிறது. இரும்பு குறைந்த பயிரில் ஐஆர்டி1 கூடும்போது அதன் வழியாகவும் கொஞ்சம் வரும். வந்ததை வேர்ச் செல்லின் வாக்குவோலில் பூட்டுவது எச்எம்ஏ3. பூட்டாமல் தப்பியதைத் துத்தநாகத்தோடு சேர்த்து மேலே ஏற்றுவது எச்எம்ஏ2. பூட்டு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் இந்திய ரகமே சாட்சி. 'அஞ்சனா தான்' என்ற நெல் தண்டிலும் மணியிலும் கேட்மியத்தைக் குவிக்கிறது. அதன் எச்எம்ஏ3 புரதத்தில் 80-ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் இருக்கிறது. அந்த ஒரு அமினோ அமில மாற்றத்தால் பூட்டு வேலை செய்யவில்லை என்று 2010-இல் தெரிந்தது.

இப்படி ஓர் அறிக்கை கையில் வந்தால் முதலில் பாசன நீரையும் மண்ணையும் சோதியுங்கள். ஆலைக் கழிவு, கழிவுநீர்ச் சேறு, பல ஆண்டுகள் இட்ட பாஸ்பேட் உரம் என்று மூலம் எதுவாகவும் இருக்கலாம். வயலில் செய்யக்கூடியது, கதிர் வருவதற்கு மூன்று வாரம் முன்பிலிருந்து மூன்று வாரம் பின்புவரை தண்ணீர் நிற்க வைப்பது. ஜப்பானில் இதுதான் நடைமுறை. நீர் நின்ற மண்ணில் கேட்மியம் சல்பைடாகி அடங்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறை மற்ற வயல்களுக்கு நல்லது, இந்த வயலுக்கு இந்த ஆறு வாரம் ஆகாது.

சிக்கல் ஒன்று உண்டு. தண்ணீர் நின்றால் ஆர்சனிக் கரையும். அது சிலிக்கானை ஏற்றும் எல்எஸ்ஐ1, எல்எஸ்ஐ2 வழியாக உள்ளே போகும். வங்காளப் படுகை போல ஆர்சனிக் உள்ள மண்ணில் கேட்மியத்துக்காக நீர் கட்டுவது ஒரு நஞ்சை விட்டு இன்னொன்றை வாங்குவது. எனவே இரண்டையும் சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள்.

ரக மாற்றம்தான் நிரந்தர வழி. 2012-இல் ஜப்பானில் கோஷிஹிகாரி நெல்லைக் கார்பன் அயனிக் கற்றைக்கு உட்படுத்தி என்ராம்ப்5 பழுதான பயிர்களைப் பெற்றார்கள். கேட்மியம் மிகவும் குறைந்தது, கூடவே மாங்கனீசும் குறைந்தது. மாங்கனீசு தாராளமாக உள்ள வயலில் இது பெரிதாகத் தெரியாது. மாங்கனீசு குறைந்த மணல்பாங்கான மண்ணில் தெரியும்.

ஆய்வகத்தில்: கேட்மியம் கொடுத்தும் மரபணு அசையவில்லை

இது மாணவர்களுக்கு. நாற்று வாடுகிறது, ஆனால் பைட்டோகெலாட்டின் சிந்தேஸ் மரபணுவின் ஆர்என்ஏ ஏறவே இல்லை என்றால் பயப்பட வேண்டாம். அந்த நொதி பெரும்பாலும் ஏற்கெனவே செல்லில் தயாராக இருக்கும். உலோகம் வந்ததும் குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறுகளை எடுத்து பைட்டோகெலாட்டினாகக் கோக்கத் தொடங்கும். எனவே ஆர்என்ஏவை விட்டுவிட்டு பைட்டோகெலாட்டினையே அளந்து பாருங்கள். நாற்று வாடவும் இல்லை, மரபணுவும் அசையவில்லை என்றால் ஊடகத்தைப் பாருங்கள். இரும்புக்காகச் சேர்த்த இடிடிஏ என்ற கவ்விப்பொருள் கேட்மியத்தையும் கவ்வியிருக்கும். ஈயம் கொடுத்தவர்களுக்குப் பாஸ்பேட் அதே வேலையைச் செய்திருக்கும், குடுவையின் அடியில் வெள்ளை வண்டல் தெரியும்.

மரபணுத் தொகுதியில் எச்எம்ஏ குடும்பத்தைத் தேடி ஒன்பதுக்குப் பதில் ஐம்பது, அறுபது வந்து நின்றால் தேடியது உலோகம் பிணைக்கும் சிறு பகுதியை மட்டும். எச்ஐபிபி புரதங்களும் செம்புத் துணைப் புரதங்களும் அதே பகுதியைச் சுமக்கின்றன, அவை பம்புகள் அல்ல. ஏடிபி பம்புக்குரிய டிகேடிஜிடி என்ற அமினோ அமில வரிசையும் சவ்வுக்குள் இருக்கும் சிபிசி அல்லது எஸ்பிசி வரிசையும் இருக்கிறதா என்று வடிகட்டுங்கள். மெட்டலோதயோனினில் நேர்மாறான தொல்லை. பெரும்பாலும் நூறு அமினோ அமிலங்களுக்கும் குறைவான குட்டிப் புரதம் என்பதால் தானியங்கிக் குறிப்புகள் அதைத் தவறவிடும். ஆர்என்ஏ வரிசைகளைத் தொகுதி மீது நேரடியாக வைத்துத் தேடினால் கிடைக்கும்.